சர்க்கஸ் பார்த்த இரவு



சர்க்கஸ் கூடாரத்தின் நடுவிலுள்ள வட்டத்தின் குறுக்களவு 42 அடி. பெரும்பாலான நாடுகளில் இதுவே வழக்கம். 1768-இல் இலண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்னும் முன்னாள் குதிரைப்படை வீரர், வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நின்று வித்தை காட்டினார். நேராக ஓடும் குதிரைமேல் நிற்பதைவிட, வட்டமாக ஓடும் குதிரைமேல் உட்புறமாகச் சாய்ந்து நிற்பது எளிது. மிதிவண்டியில் திரும்பும்போது நீங்கள் சாய்கிறீர்கள் அல்லவா, அதே கணக்குத்தான். பல அளவுகளைச் சோதித்த பின்னரே அவர் 42 அடியில் வந்து நின்றார்.

1990-களின் தொடக்கத்தில், பெரம்பலூர் வட்டாரத்துப் பள்ளியொன்றில் நான் பணியாற்றி வந்தேன். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அரியலூரில் ஒரு சர்க்கஸ் வந்திறங்கியிருந்தது. பெரம்பலூருக்கு இரயில் இல்லை, அரியலூருக்கு உண்டு. ஆகவே பெரிய வேடிக்கைகளுக்கு நாங்கள் கிழக்கே பேருந்து ஏறுவதே வழக்கம். பன்னிரண்டு மாணவர்களுடன் இரவுக் காட்சிக்குப் போனேன்.

அன்று பிற்பகல் ஒரு தூறல். கரிசல் மண் ஈரம் பட்டால் முளைகளின் பிடி தளர்ந்துவிடும். காட்சி தொடங்குமுன் நான்கு பேர் சம்மட்டியுடன் கூடாரத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு முளையாக அடித்தனர். நான் அங்கே நின்றுவிட்டேன். மாணவர்களோ யானையைப் பார்க்க ஓடிவிட்டனர்.

பின்னர் சிங்கம் வந்தது, கோமாளி வந்தார். கரடி ஒன்று மிதிவண்டி ஓட்டியது. இவற்றை விரித்துரைக்க எனக்கு விருப்பமில்லை. 1998-இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கவும் காட்டவும் தடை விதித்தது. 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அது நல்ல காரியமே.

இறுதியில் வந்தது ஊஞ்சல் வித்தை. 1859-இல் பாரிஸ் நகரில் ழூல் லேயோதார் என்னும் இளைஞர் முதன்முதலாக மக்கள்முன் நிகழ்த்திக்காட்டிய கலை அது. எல்லோருடைய கண்ணும் பறப்பவர்மீதே இருக்கும். நீங்கள் பிடிப்பவரைப் பாருங்கள். அவர் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்குகிறார். தம் ஊஞ்சலை எதிர் ஊஞ்சலின் வேகத்தோடு இசைத்து ஆட்டுகிறார். பறந்துவருபவரின் விரலை அவர் பற்றுவதில்லை. மணிக்கட்டைப் பற்றுகிறார், வந்தவரும் அவர் மணிக்கட்டைப் பற்றுகிறார். ஒரு பிடி வழுவினாலும் மற்றொன்று காக்கும்.

“கீழேதான் வலை இருக்கிறதே, பிறகு பயமென்ன?” என்றான் ஒருவன். வலையில் விழுவதும் ஒரு வித்தையே. முதுகு படும்படி விழவேண்டும். காலோ கையோ முதலில் பட்டால் எலும்பு முறியலாம். ஆதலால் பயிற்சியில் முதலில் கற்பிப்பது விழுவதைத்தான்.

அன்று பறந்தவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். வயது பன்னிரண்டு இருக்கலாம். திரும்பும் பேருந்தில் ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, அந்தப் பெண் எந்தப் பள்ளியில் படிக்கிறாள்?” பேருந்தில் அதன்பின் ஒருவரும் சிங்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

அக்கேள்விக்கு விடை 2011 ஏப்ரலில் வந்தது. சர்க்கஸில் சிறுவர்களை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்யவும், இருப்பவர்களை மீட்டு மறுவாழ்வளிக்கவும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் குழந்தைகள் நடிப்பதற்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கப்பட்டது, சர்க்கஸுக்கு அளிக்கப்படவில்லை. இந்த வேறுபாடு சரியா என்று உங்கள் சொற்போர் மன்றத்தில் வாதிடலாம். சரி என்பதே என் கட்சி. படப்பிடிப்பு முடிந்தால் குழந்தை வீடு திரும்புகிறது. சர்க்கஸ் குழந்தைக்குக் கூடாரமே வீடு.

ஆனால், உடல் வளையும் பருவத்தில் பழகாவிட்டால் இக்கலை எப்படி வளரும் என்று சர்க்கஸ்காரர்கள் கேட்கின்றனர். அதிலும் உண்மையுண்டு. இதற்கு மறுமொழி சொல்லச் சிறிது பின்னோக்கிப் போகவேண்டும். விஷ்ணுபந்த் சத்ரே என்னும் மராட்டியர் 1880-இல் பம்பாயில் தம் சர்க்கஸைத் தொடங்கினார். இந்தியர் நடத்திய முதல் சர்க்கஸ் அதுவே. அக்குழு தலச்சேரிக்கு வந்தபோது அவரைச் சந்தித்தவர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். இவர் யார்? செல்வரல்லர், பாசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர்! களரிப் பயிற்சியும் உடையவர். 1901-இல் தலச்சேரியை அடுத்த சிறக்கரையில் அவர் சர்க்கஸ் பள்ளி திறந்தார். இந்திய சர்க்கஸ்களின் வீரர்களில் மிகப் பலர் அவ்வழி வந்தவர்களே. 2010-இல் கேரள அரசு அதே தலச்சேரியில் தொடங்கிய பயிற்சிக் கழகம் சில ஆண்டுகளே நடந்தது.

பிழைப்புக்காகப் பறப்பது பதினெட்டு வயதுக்குப் பின் இருக்கட்டும். கரணமும் சமநிலையும் விழும் முறையும் பள்ளியிலேயே கற்கத்தக்கவை. ஒரு விரிப்பு, ஒரு குறுக்குக் கம்பி, ஓர் ஆசிரியர் போதும். கால அட்டவணையில் உடற்கல்விக்கென்று வேளை குறித்திருக்கும். தேர்வு நெருங்கினால் அதனைக் கணக்கு ஆசிரியர் கொண்டுபோய்விடுவார். அந்த வேளையைப் பணிவோடு திரும்பக் கேளுங்கள். தலைமையாசிரியர் முகம் சுளித்தால், குஞ்ஞிக்கண்ணன் பெயரைச் சொல்லுங்கள்.