எண்ணெய் வண்ணத்தில் ஒரு மலை ஏரி
(நம் சமுதாயக் கூடத்தில் ஓவிய வகுப்புத் தொடக்க நாளில் பேசியது)



அடுத்த ஞாயிறு முதல் நாம் வரையப்போவது கொடைக்கானல் ஏரி. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய ஏரி அது. உங்களில் பலர் அதில் படகு விட்டிருப்பீர்கள்.

மலை பெரிய கஷ்டமில்லை. தூரத்து மலை வெளிறிய நீலம், பக்கத்து மலை கரும்பச்சை என்று நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர்தான் ஆளைச் சோதிக்கும். ஏரி என்றதும் பலரும் நீல ட்யூபைப் பிதுக்குகிறார்கள். அசையாத நீரில் மேலே இருப்பதுதான் கீழே தெரியும். ஆனால் அச்செடுத்த மாதிரி அல்ல. வெளிச்சமான வானம் நீரில் ஒரு படி மங்கும். கறுத்த மரம் ஒரு படி வெளுக்கும். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே தட்டைத் தூரிகையால் பிம்பத்தை நேர் கீழாக இழுங்கள். பிறகு குறுக்கே லேசாக ஒரு தடவல், அவ்வளவுதான். எதிர்க்கரைக் கோடு மட்டம் தப்பினால் ஏரியே சாய்ந்துவிடும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அடிப்பூச்சில் டர்பென்டைன் அதிகம். மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் கூடலாம். மாற்றிச் செய்தால் படம் வெடிக்கும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது; அப்போது சூடு உண்டாகும். கேன்வாஸில் அந்தச் சூடு தெரியாது. ஆனால் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், சூடு வெளியேற வழியின்றி ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளக்கூடும். உடனே அல்ல, சில மணி நேரம் கழித்து, வீடே தூங்கும்போது. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் துணி எப்போதும் தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள தகர டின்னுக்குள் போக வேண்டும். விரித்துக் காயவைக்கலாம்தான், ஆனால் பால்கனியில் கறைத்துணி தொங்கினால் செயலாளர் விடமாட்டார். டின் நிறைந்ததும் அபாயக் கழிவாகத் தனியே கொடுத்துவிடுங்கள்.

டர்பென்டைனை சிங்கில் ஊற்றாதீர்கள். நம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு அது ஆகாது. பாட்டிலில் மூடி வையுங்கள். வண்ணம் அடியில் தங்கியதும் தெளிந்ததை மறுபடி உபயோகிக்கலாம். வரையும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் அக்ரிலிக்கில் இதே ஏரியை வரையலாம்.

வண்ணங்கள் பொதுவில் இருக்கின்றன. நீங்கள் 12-க்கு 16 அங்குல கேன்வாஸ், பழைய பருத்தித் துணி, மூடியுள்ள ஒரு தகர டின் கொண்டுவந்தால் போதும்.