மௌனத்தின் பெயரால் பூட்டி வைக்காதீர்கள்



இந்தத் திருவண்ணாமலையில் யாரிடமாவது போய், "உங்களுக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள்" என்று கேட்டால் உடனே ஒரு பதில் வருகிறது. "இது மௌனத்தின் ஊர் ஐயா. ரமணர் பேசாமலே போதித்தார். எழுதி என்ன ஆகப் போகிறது?" பெரியவர்கள் சொல்கிறார்கள், அவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சோடு மோதத்தான் இன்று இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

ரமணரின் மௌனம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? 1901-02 வாக்கில், தென்னார்க்காடு ஜில்லாவில் ரெவின்யூ உத்தியோகம் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் அலுவல் நிமித்தமாக இங்கே வந்தார். விருபாட்ச குகையில் ஓர் இளம் துறவி இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மலையேறினார். அந்தத் துறவிதான் ரமணர். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பேச்சு இல்லை. பிள்ளை கேட்கக் கேட்க, சைகையாலும் எழுதிக் காட்டியுமே பதில் சொன்னார். மணலில் விரலால் எழுதியது எத்தனை நேரம் நிற்கும்? பிள்ளை அதைப் பெயர்த்து எழுதிக்கொண்டார். அதுதான் இன்று உலகமெங்கும் பல மொழிகளில் படிக்கப்படும் 'நான் யார்?'. அது அச்சேறியது 1923ல். இருபது வருடத்துக்கு மேல் அது அச்சைக் காணாமல் இருந்தது. அந்த இருபது வருடத்தில் ஒரு மழையில் ஒழுகிய கூரையோ, ஒரு கறையான் புற்றோ போதும், நமக்கு அந்த நூல் இல்லை. எழுதியவர் பாதிதான் காப்பாற்றினார். அச்சுக்குக் கொடுத்த பிறகே முழுதாகப் பிழைத்தது.

இன்னொன்றும் கேளுங்கள். பின்னாளில் ஆசிரமத்தில் அச்சுப்படிகளை உட்கார்ந்து திருத்தியவர் ரமணர். பழைய புத்தகங்களுக்குத் தம் கையாலேயே பைண்டிங் செய்தவர் ரமணர். அவர் பெயரைச் சொல்லி எழுத்தை இகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அடுத்து, இந்த ஊர்க் கோயிலோடு ஒட்டிய அருணகிரிநாதருக்கு வருகிறேன். பேச்சற்றுச் சும்மா இருக்கும்படி முருகன் தமக்கு உபதேசித்ததாகச் சொன்னவர் அவர். அந்த மௌன உபதேசத்தையும் அவர் பாட்டாகத்தான் நமக்குத் தந்தார்! பதினாறாயிரம் திருப்புகழ்ப் பாடல்கள் பாடினார் என்பது மரபு. இன்று நம் கையில் இருப்பவை ஆயிரத்து முந்நூறு சொச்சம். மிச்சம் எங்கே? பாட்டு பிறந்த ஊரில் பிறந்தோம் என்று மார்தட்டுகிறோமே, தேடிப் போனவர் யார்? வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்ற நீதிமன்ற ஊழியர். பின்னாளில் முன்சீப் ஆனவர். 1871ல் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் வழக்குக்காகக் காட்டிய சான்றுகளில் ஒரு திருப்புகழ் இருந்தது. அந்த ஒரு பாட்டு அவரை ஆட்கொண்டது. மீதியெல்லாம் எங்கே என்று ஊர் ஊராக ஏடு தேடினார். முதல் தொகுதி 1894ல், இரண்டாவது 1901ல் அச்சில் வந்தன. இடையே எத்தனை ஏடுகள் யார் வீட்டுப் பரணில் மக்கிப் போயினவோ!

இப்படி ஏடுகளை அழியவிட்டவர்கள் பகைவர்கள் அல்லர். அன்புள்ளவர்கள், பக்தியுள்ளவர்கள். உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் ஆகுதி செய்துவிட்டார்களாம். அதுதான் ஆகம விதி என்று பதில் கிடைத்தது. பூஜை செய்தார்கள், படி எடுக்கவில்லை. அதைக் கேட்டு ஐயர் பதறினார். நமக்கு அந்தப் பதற்றம் வரவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைச் சொல்கிறேன். அது ஜவ்வாது மலையில் மூலிகை தெரிந்த ஒரு மூத்தவர் என்னிடம் சொன்னது. "எழுதிக் கொடுத்தால் கம்பெனிக்காரன் திருடிக்கிட்டுப் போவான் தம்பி." அந்தப் பயம் நியாயமானது. 1995ல் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள். நம் பாட்டிமாருக்குத் தெரிந்த மஞ்சளுக்கு! இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடியது. 1997ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. எதை வைத்து ஜெயித்தார்கள்? பழைய நூல்களையும் அச்சான கட்டுரைகளையும் எடுத்து வைத்து. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், வேறு நாட்டு வழக்கம் அச்சில் வந்திருந்தால்தான் சான்று. வாய்மொழிக்கு அங்கே இடமில்லை. எழுதாமல் விட்டதைத்தான் திருடனால் தன்னுடையது என்று சொல்ல முடியும். எழுதுங்கள், சொன்னவர் பெயரைப் போட்டு, அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். அது அவருக்குப் பட்டா மாதிரி.

"நான் என்ன பெரிய ஆளா, என்னைப் பற்றி எழுத?" என்று கேட்பவர்கள் தண்டராம்பட்டு வட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் போய்ப் பாருங்கள். மகேந்திரவர்மப் பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. தன் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல். பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடம் கழித்து ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. உங்கள் ஏரியில் தண்ணீரைச் சண்டை வராமல் பங்கிட்டுக் கொடுத்த நீர்க்கட்டியின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் பெயர்? செய்யாறு, வந்தவாசிப் பக்கம் விடிய விடிய ஆடிய கூத்து வாத்தியார்கள் மனப்பாடமாக வைத்திருந்த பாட்டில் எத்தனை அவர்களோடே சுடுகாடு போயிற்று?

இளைஞர்களே, கவிதை எழுதச் சொல்லவில்லை. நாளைக்கே உங்கள் தெருவில் வயதான ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். அனுமதி கேட்டு, அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள். மேலே அவர் பெயர், ஊர், தேதி. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள். மூன்று படி எடுங்கள். ஒன்று அவர் வீட்டுக்கு, ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று நூலகத்துக்கு. வாங்கி வைக்க இடமில்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் வாருங்கள், இடம் கேட்டு வாசலில் உங்களோடு நானும் வந்து நிற்கிறேன்.