ஆனைக்கொம்பன் கட்டிக்கொள்ளும் வீடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"மரம் செடி பத்தி ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பேசப்போவது செடிகளில் வரும் புடைப்புகளைப் பற்றி. முகம் சுளிக்காதீர்கள்! பிள்ளை பெற்ற வீட்டில் உரை மருந்துக்கு மாசிக்காய் வாங்கியிருப்பீர்கள். அது காயே இல்லை. மேற்கு ஆசியாவின் ஓக் மரக் கிளையில் ஒரு சின்னக் குளவி முட்டையிட்டதால் எழுந்த புடைப்பு. நம்மூர்ப் புங்க இலையில் முண்டு முண்டாக இருக்குமே, அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டைக் கட்டுவது பூச்சியல்ல, செடி. செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார் கூலி எல்லாம் செடியின் செலவு. பூச்சி பிளான் மட்டும் போட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு பிளான். அதனால் வீட்டைப் பார்த்தே பெரும்பாலும் குடியிருப்பவரைச் சொல்லிவிடலாம். நம் நாட்டில் எம்.எஸ். மணி இதற்கென்றே உழைத்தார். 1964இல் வந்த அவருடைய ஆங்கில நூல் இன்றும் பேசப்படுகிறது. சென்னை லயோலா கல்லூரியில் டி.என். அனந்தகிருஷ்ணன், இலைப்பேன்கள் உண்டாக்கும் புடைப்புகளை ஆராய்ந்தார்.

வல்லம், செஞ்சி பக்கத்துக்காரர்களுக்கு நெருக்கமானது ஆனைக்கொம்பன். கொசு மாதிரி ஒரு ஈ. முட்டையிலிருந்து வரும் புழு, நெல்லின் இலையுறைகளுக்கு இடையே நழுவி இறங்கிக் குருத்தின் அடிக்குப் போய்விடும். அதன்பின் அந்தத் தூரில் இலை விரியாது. வெங்காயத்தாள் போலக் குழலாக, வெளுப்பாக நீளும். ஆனைத் தந்தம் மாதிரி இருப்பதால்தான் அந்தப் பெயர். அந்தத் தூரில் கதிர் வராது.

இங்கேதான் நம்ம ஆளுங்க காசை விடறாங்க. குழல் வெளியே தெரியும் நாளில் புழு தின்று முடித்துக் கூட்டுப்புழுவாகியிருக்கும், அல்லது ஈயாகப் பறந்தே போயிருக்கும். அதுக்கு அப்புறம் மருந்து அடிச்சு யாரைக் கொல்றது? சாவது பிளாட்டிகாஸ்டர் என்ற ஒட்டுண்ணிக் குளவி. ஆனைக்கொம்பன் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்து, பின்னால் அந்தப் புழுவைத் தீர்த்துக்கட்டும் நம் கூலியில்லாக் காவல்காரன் அது! நெருக்கி நடாமல், யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல், வரப்புப் புல்லையும் காட்டு நெல்லையும் நடவுக்கு முன்பே அழித்து, விளக்குப்பொறி வைத்து ஈ வருவதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் இருக்கிறது.

தைலமரம் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு குளவி, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், 2000க்குப் பிறகு பல நாடுகளில் பரவியது. 2004இல்தான் அதற்கு லெப்டோசைப் இன்வேசா என்று பெயரே வைத்தார்கள். நம் மரக்காணம் பக்கமும் அது தலைகாட்டியது. ஆண் துணை இல்லாமலே பெண் குளவி இனம் பெருக்கும். இளங்கன்றின் காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சு விழுந்தால் கன்று வளராமல் குத்துச்செடியாக நின்றுவிடும். எல்லா ரகத்தையும் அது ஒரே மாதிரி தாக்குவதில்லை. ஆகவே நாற்றுப் பண்ணையில் விலை பேசுவதற்கு முன், கொழுந்து இலையைத் திருப்பிக் காம்பைத் தடவிப் பாருங்க. முடிச்சு தட்டுப்பட்டா அந்தக் கன்றுகளை வண்டியில ஏத்தாதீங்க.