பெயர் கேட்காத படம்



1984இல் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில் ஒரு சிறுமியைப் படமெடுத்தார் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி. 1985 ஜூன் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ அட்டையில் அந்தக் கண்களை உலகமே பார்த்தது. அவர் பெயர் ஷர்பத் குலா என்பது 2002இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் ‘ஆப்கன் சிறுமி’.

2001இல் அமெரிக்கா ஆப்கானிஸ்தான்மீது குண்டு வீசியபோது, புர்கா அணிந்த பெண்களின் படங்கள் மேற்கத்திய ஊடகங்களில் நிறைந்தன. அவர்களின் விடுதலையும் போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 1977இல் காபூலில் மீனா தொடங்கிய ‘ராவா’ அமைப்பின் பெண்களோ தாலிபானையும் எதிர்த்தார்கள், குண்டுவீச்சையும் எதிர்த்தார்கள். முதல் எதிர்ப்புக்குக் கிடைத்த இடம் இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை.

நமக்கு இது புதிதல்ல. நம் சேரிக்கும் கேமராக்கள் வருகின்றன, வீடு எரிந்த மறுநாள். அழுகிற அம்மாவைப் படமெடுப்பார்கள். நிலம் பற்றி, கூலி பற்றி அதே அம்மா பேசத் தொடங்கினால் கேமராவை மூடிவிடுவார்கள்.

தாலிபானின் கொடுமையை நாம் மறைக்கவில்லை. அதை எதிர்க்கும் பெண் என்ன சொல்கிறார் என்பதை முழுதாகக் கேட்போம் என்கிறோம். முதலில் அவர் பெயரைக் கேட்போம்.