எட்டே எட்டுப் பேருக்கா நஷ்டஈடு?

கேரளா காசர்கோட்டுல முந்திரித் தோட்டத்து மேல 2000 வரைக்கும் ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான் தெளிச்சது யாரு? அரசாங்கத்தோட தோட்டக் கழகம்தான்! கீழே வீடு இருந்தது, கிணறு இருந்தது. படுத்த படுக்கையாகிப் போன பிள்ளைகளை இன்னமும் தாய்மார் சுமக்கிறார்கள். ஆளுக்கு 5 லட்சம், 3 மாதத்தில் கொடு என்று உச்சநீதிமன்றம் 2017 ஜனவரியில் சொன்னது. 2022 மே மாதம் கணக்குப் பார்த்தால், 3,704 பேரில் பணம் வாங்கினவர் எட்டே பேர்! அவர்களும் மறுபடி கோர்ட்டுப் படியேறினவர்கள். ஏறமுடியாத ஏழைக்கு? நீதிமன்றம் அதட்டின பிறகுதான் மற்றவர்களுக்கும் வந்தது. நாமும் தோளில் மருந்து டேங்க் மாட்டுகிறவர்கள்தானே? தெளிக்கும்போது மயக்கம் வந்து ஆஸ்பத்திரி போனால் சீட்டையும் டப்பாவையும் பத்திரமா வையுங்கள். தனியே அலையாதீர்கள், சங்கத்துக்கு வாங்க, சேர்ந்தே மனுக் கொடுப்போம்!