டி.டி.எஸ். மீட்டர் காட்டாத அழுக்கு
(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் படித்தது பி.காம்., வேலை பார்த்தது வங்கியில். இன்ஜினியர் இல்லை. தண்ணீர்க் குழுவில் இருப்பதால், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இன்றைய அஜெண்டாவில் நமது பொது ஆர்.ஓ. பிளாண்டுக்கு மறுபடியும் புது மெம்ப்ரேன் வாங்கும் தீர்மானம் இருக்கிறது. ஓட்டுப் போடும் முன் ஒரு கேள்வி: பழைய மெம்ப்ரேன் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது?

ஆர்.ஓ. மெம்ப்ரேன் 1960 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து உருவாக்கியது. இன்று நம் பிளாண்டில் இருப்பது பாலிஅமைடு என்ற பொருளால் ஆன மிக மெல்லிய படலம். உப்பைத் தடுக்கத்தான் அது இருக்கிறது. அழுக்கைச் சுமக்க அல்ல.

மெம்ப்ரேனை அடைப்பது இரண்டு வகை. ஒன்று, போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையால் வரும் உப்புப் படிவு. வீட்டில் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். இன்னொன்று கரிமப் பொருள். ஏரியிலும் கிணற்றிலும் இலை, தழை, பாசி மக்கி, டிகாக்‌ஷன் இறங்குவது போலத் தண்ணீரில் கரைகிறது. மழைக்குப் பிறகு லாரித் தண்ணீர் லேசாக மஞ்சளாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இது மெம்ப்ரேன் மேல் பசை போல ஒட்டும். அதைத் தின்று பாக்டீரியா பெருகும். பிறகு வழுவழுப்பான ஒரு படலம் உண்டாகிவிடும்.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அளக்கிறது. அதாவது உப்பு. கரிமப் பொருளையும் பாக்டீரியாவையும் அது காட்டாது. மீட்டரில் 80 என்று வந்தால் உப்பு குறைவு என்று அர்த்தம். தண்ணீர் எல்லா வகையிலும் சுத்தம் என்று அர்த்தமில்லை.

"அப்படியானால் குளோரின் அதிகம் போடலாமே?" என்று பி பிளாக் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் குளோரின் பாலிஅமைடை அரித்துவிடும். அதனால்தான் மெம்ப்ரேனுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். அது குளோரினை நீக்கும், கரிமப் பொருளில் ஒரு பகுதியையும் பிடித்துக்கொள்ளும். கார்பனுக்கும் ஆயுள் உண்டு. அது தீர்ந்த பிறகும் மாற்றாமல் விட்டால், குளோரினும் உள்ளே போகும், அழுக்கும் உள்ளே போகும். கார்பனில் மிச்சம் பிடித்து மெம்ப்ரேனில் செலவு செய்வது என்ன கணக்கு?

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. 2008-09இல் வளைகுடாப் பகுதியில் கடலில் செம்பாசி பெருகியபோது, அங்கே பல கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது. பெரிய பெரிய நிலையங்களே தடுமாறின. மெம்ப்ரேனுக்கு முன்னால் செய்யும் சுத்திகரிப்பு எவ்வளவு முக்கியம் என்று அந்த அனுபவம் காட்டியது.

அடைப்பால் வரும் நஷ்டம் மெம்ப்ரேன் விலை மட்டுமல்ல. நல்ல தண்ணீர் குறையக் குறைய, கழிவாகப் போகும் தண்ணீர் கூடும். மோட்டார் அதிக நேரம் ஓடும். கோடையில் லாரிக்குக் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும்.

ஆகவே புது மெம்ப்ரேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தீர்மானத்தோடு நான்கு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டுகிறேன்.

ஒன்று, சம்ப்பைச் சுத்தம் செய்து, கார்பனை மாற்றிய பிறகே புது மெம்ப்ரேனைப் பொருத்த வேண்டும். ஃபில்டர்களுக்கு பேக்வாஷ் தவறாமல் நடக்க வேண்டும்.

இரண்டு, ஆபரேட்டர் தினமும் ஒரு நோட்டில் ஐந்து எண்களை எழுத வேண்டும்: நல்ல தண்ணீர் அளவு, கழிவுத் தண்ணீர் அளவு, மெம்ப்ரேனுக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர், டி.டி.எஸ். வங்கியில் தினசரி இருப்பு சரிபார்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டோம். அதே பழக்கம்தான்.

மூன்று, நல்ல தண்ணீர் வரத்து 10 சதவீதம் குறைந்தாலோ, முன்பின் பிரஷர் வித்தியாசம் 15 சதவீதம் கூடினாலோ உடனே மெம்ப்ரேனைக் கழுவ வேண்டும். மெம்ப்ரேன் தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு இதுதான். சர்வீஸ்காரர் ஆசிட் மட்டும் போட்டுக் கழுவினால் போதாது. ஆசிட் உப்புப் படிவுக்கு. கரிமப் பசைக்குக் காரக் கரைசல் வேண்டும், அதுவும் முதலில். ஆசிட்டை முதலில் போட்டால் அந்தப் பசை இன்னும் இறுகக்கூடும்.

நான்கு, பிளாண்டிலிருந்து வெளிவரும் தண்ணீரில் குளோரின் இல்லை. எனவே அது தேங்கும் டேங்கை மூடி வைத்து, முறையாகக் கழுவி, ஆய்வகத்தில் பாக்டீரியா பரிசோதனையும் செய்ய வேண்டும். நம் குடியிருப்பில் கைக்குழந்தைகளும் எண்பது வயதுப் பெரியவர்களும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

இந்த நான்கையும் செய்யாமல் மெம்ப்ரேன் மட்டும் வாங்கினால், இதே தீர்மானம் சீக்கிரமே மீண்டும் அஜெண்டாவில் வரும். யோசித்து ஓட்டளியுங்கள். நோட்டைச் சரிபார்க்கும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை உடன் வர இரண்டு பேர் முன்வந்தால் போதும்.