பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை வேட்டி



தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு லயத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரனுக்குக் காதுகுத்து வருகிறது. பாட்டி தகரப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே தாத்தாவின் கல்யாண வேட்டி. தாத்தா இப்போது இல்லை. வேட்டி மஞ்சளாகிக் கிடக்கிறது. மடிப்பில் பழுப்புக் கோடு. ஓரத்தில் துருக்கறை.

மருமகள் சொல்கிறாள்: "அத்தை, பிளீச்சிங் பவுடர் போட்டால் உடனே வெளுத்துவிடும். கூடவே எலுமிச்சம்பழம் பிழிந்தால் துருவும் போய்விடும்."

"வேண்டாம்மா. பழைய துணி தாங்காது" என்கிறார் பாட்டி.

யார் சொல்வது சரி? பாட்டி சொல்வதுதான் சரி. ஏன் என்று பார்க்கலாம்.

துணி ஏன் மஞ்சளாகிறது?

துணியில் வியர்வையும் உடம்பு எண்ணெயும் ஒட்டுகின்றன. துவைத்தாலும் கொஞ்சம் தங்கிவிடும். சரியாக அலசாவிட்டால் சோப்பும் தங்கும். நாளாக ஆக, காற்றுப் பட்டு இவை மஞ்சளாகும். அடுப்புப் புகையும் சேரும். மரப்பெட்டி, அட்டைப்பெட்டி, செய்தித்தாள் ஆகியவற்றில் உள்ள அமிலமும் துணியில் ஏறும்.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். அதில் சோப்பு நுரைக்காது. அழுக்கோடு சேர்ந்து துணியிலேயே படியும்.

அந்தக் காலத்தில் எப்படி வெளுத்தார்கள்?

ஃபோர்ட் கொச்சியில் தோபிகானா என்று ஒரு சலவைக்கூடம் உண்டு. அங்கே வேலை செய்பவர்கள் தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர்கள். டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்து உடைகளை வெளுக்க அவர்களுடைய முன்னோர் அழைத்து வரப்பட்டார்கள். இப்போதுள்ள கூடம் 1976-இல் கட்டப்பட்டது.

நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைத்தார்கள். துணியை உவர்மண் கரைத்த நீரில் முக்குவார்கள். பானை மேல் அடுக்குவார்கள். இரவெல்லாம் ஆவி ஏறும். காலையில் ஆற்றில் அலசி, வெயிலில் விரிப்பார்கள். உவர்மண் அழுக்கைக் கரைக்கும். ஈரமும் வெயிலும் சேர்ந்து வெளுக்கும்.

டச்சுக்காரர் நாட்டிலும் இதே முறைதான். ஹார்லெம் என்ற ஊரில் துணியைச் சாம்பல் காரத்தில் ஊறவைப்பார்கள். மோரில் முக்குவார்கள். புல்வெளியில் விரித்து, தண்ணீர் தெளிப்பார்கள். வெளுக்க மாதக் கணக்கில் ஆகும். 1799-இல் ஸ்காட்லாந்தில் சார்லஸ் டெனன்ட் என்பவர் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் அந்தப் பவுடர் கறையை மட்டும் அரிக்காது. நூலையும் அரிக்கும். பழைய நூல் இற்றுப்போகும். பட்டும் கம்பளியும் பாழாகும்.

வீட்டில் செய்யும் முறை

இது வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டும்.

முதலில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் இற்றிருந்தால் கசக்க வேண்டாம்.

துணியைப் பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். தண்ணீர் பழுப்பாகும். கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

பிறகு ஒரு வாளி வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரையுங்கள். கேரளத்துக் கடைகளில் அலக்குகாரம் என்று கேளுங்கள். அப்பக்காரம் வேறு, அது சமையலுக்கு. கையில் புண் இருந்தால் இந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம். துணி சில மணி நேரம் ஊறட்டும். அடித்துத் துவைக்காமல் மெதுவாக அமுக்குங்கள். நன்றாக அலசுங்கள்.

ஈரத்தோடு சுத்தமான புல்தரையில் விரியுங்கள். காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள். மழைக்காலத்தில் இதைத் தொடங்க வேண்டாம். மூணாறு, பீர்மேடு பக்கம் துணி காயாது; பூஞ்சணம் பிடிக்கும்.

நீலம் போடலாமா? போடலாம். ஆனால் நீலம் மஞ்சளைப் போக்காது. கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும்.

கறைக்கு ஏற்ற வழி

துருக்கறை: எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, வெயிலில் வையுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் துரு இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும்.

மஞ்சள்பொடிக் கறை: சோப்புப் பட்டால் சிவக்கும். பயப்பட வேண்டாம். அலசி, வெயிலில் போட்டால் மங்கும்.

இரத்தக் கறை: பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் ஊன்றிவிடும்.

வாழைக்கறை: பழையதானால் முழுதாகப் போகாது. தேய்த்துத் துணியைக் கிழிக்க வேண்டாம்.

கசவு வைத்த துணி: எலுமிச்சை, சோடா, பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. சரிகை கறுக்கும். மென்மையான சோப்பில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

உயிருக்கு ஆபத்து

மருமகள் இரண்டையும் சேர்க்கலாம் என்றாள் அல்லவா? அதுதான் பெரிய ஆபத்து. பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சை, வினிகர், கக்கூஸ் கழுவும் ஆசிட் எது சேர்ந்தாலும் குளோரின் என்ற நச்சுவாயு கிளம்பும். 1915-இல், முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டின் ஈப்ர் என்ற ஊருக்குப் பக்கத்தில் படைவீரர்களைக் கொல்ல இதே வாயுவைத் திறந்துவிட்டார்கள். கதவு மூடிய குளியலறையில் இது நெஞ்சை அடைக்கும். கண் எரிந்தால், இருமல் வந்தால் உடனே வெளியே ஓடுங்கள். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பொட்டலத்தின் மேல் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். எழுத்துக் கூட்டியாவது அதைப் படியுங்கள். அதன் பிறகே பிரியுங்கள்.

இனி மஞ்சளாகாமல் இருக்க

துவைக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். கஞ்சி போட்டு வைக்காதீர்கள், பூச்சி அரிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். தகரம் நேராகப் பட்டால் துரு ஏறும். வருஷத்துக்கு இரண்டு முறை வெளியே எடுத்து, மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் இருந்தால் அந்த இடம் கிழியும்.

தாத்தாவின் வேட்டி கடை வேட்டி போல வெளுக்காது. மஞ்சள் குறையும், துரு மங்கும், நூல் பிழைக்கும். காதுகுத்து நாளில் பேரனை அந்த வேட்டியில் உட்கார வைக்கலாம். அவன் பிள்ளைக்கும் அது மிஞ்சும்.